பந்தய டயர்: எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு?

எங்கள் வீட்டில் மாமா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டிய மாமா, அத்தையின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். காரணம், அந்தப் பந்தயத்தில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டினார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஆனால் அவருடைய ஜோர்டன் அணியின் கார் அந்த ஆண்டின் மெதுவான கார்களில் ஒன்று. பந்தயத்தை முழுதாக முடித்தாலே போதும் என்பதுதான் மாமாவின் எதிர்பார்ப்பு.

இருபது கார்கள் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. அந்தச் சுற்று முடியும்போது பதினான்கு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தைவிட்டு விலகி, தத்தம் கொட்டகைக்குள் போய்விட்டன. ஆறு கார்கள் மட்டும் பந்தயத்துக்கு நின்றன. விலகிய பதினான்கும் மிஷெலின் டயர் போட்டவை. நின்ற ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவுதான்.

என்ன நடந்தது? அந்தத் தடத்தின் பதின்மூன்றாம் திருப்பம் சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டது. கார்கள் வேகத்தைக் குறைக்காமலேயே அதில் பாயும். அப்போது இடப்பக்கப் பின் டயரின்மீது பெரும் பாரம் இறங்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா கார் அந்த டயர் செயலிழந்து சுவரில் மோதியது. அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் பத்துச் சுற்றுகளுக்குமேல் எங்கள் டயருக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று மிஷெலின் சொல்லிவிட்டது. பந்தயமோ 73 சுற்றுகள். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது என்பது வேறு அந்த ஆண்டின் விதி.

மாமா இந்தக் கதையை நரேனுக்காகச் சொல்வார். நான் இதை டயருக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு நடந்த 19 பந்தயங்களில் 18ஐ வென்றவை மிஷெலின் போட்ட கார்கள். பிரிட்ஜ்ஸ்டோனுக்குக் கிடைத்த ஒரே வெற்றி இண்டியானாபொலிஸ்தான். ஆண்டு முழுவதற்கும் சிறந்த டயர் எது என்று கேட்டால் பதிலில் ஐயமே இல்லை. அன்று, அந்தத் தடத்தில் எது நல்ல டயர் என்று கேட்டால் பதில் தலைகீழ்.

கார்ப்பேட்டைப் போட்டிகளில் நான் ஓட்டுவது தெரிந்த நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டயர் நல்ல டயர்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன். எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறாய்? எவ்வளவு சூடாகும்? வீட்டுக்கும் அதே டயரில்தான் வரப்போகிறாயா? மூன்றாவது கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நிரந்தரமான கார்ப் பந்தயத்தடம் கிடையாது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை அடைத்துப் பந்தயம் நடத்தினார்கள். சாங்கியில் தடம் கட்டும் திட்டம் ஒன்று வந்து, 2012இல் கைவிடப்பட்டது. 2008இல் தொடங்கிய மரினா பே இரவுப் பந்தயத்தில் நம்மைப் போன்றவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கலாம், அவ்வளவுதான். பொங்கோலில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளின் விளக்குகள் தெரியும். அங்கே 1986இல் 3.86 கிலோமீட்டர் தடம் ஒன்றைத் திறந்தார்கள். சிங்கப்பூர் ஓட்டுநர்கள் பல ஆண்டுகள் அங்கே போய்த்தான் பழகினார்கள். 1999இல் செப்பாங் வந்தது.

எனவே எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று ஆட்டோகிராஸ். மலேசியாவில் பலர் இதை ஜிம்கானா என்பார்கள். காலியான கார்ப்பேட்டையில் கூம்புகளை அடுக்கி, ஒவ்வொரு காராக ஓட்டி, கடிகாரத்தோடு போட்டி போடுவது. ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்றொன்று தட ஓட்டம். செப்பாங்கின் 5.543 கிலோமீட்டர் சுற்றில், பதினைந்து திருப்பங்களில், இருபது நிமிடம் விடாமல் ஓட்டுவது. எங்கள் கார், மாமா சி.ஓ.இ. புதுப்பித்து வைத்திருக்கும் பழைய சுஸுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 'எங்கள்' என்றா எழுதினேன்? மாமாவின் கார்.

இந்த மலரின் ஆசிரியர் குழுவில் ஒருவர், டயரை 'உருளிப்பட்டை' என்று எழுதலாமே என்றார். எழுதலாம். ஆனால் கடைக்குப் போய் அப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். அதுவரை டயர் என்றே எழுதுகிறேன்.

ரப்பர் சாலையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, நேரடியான ஒட்டுதல். உலர்ந்த, சுத்தமான சாலையில் ரப்பரின் மேற்பரப்பு தார்ச்சாலையின் கற்களோடு ஒட்டிப் பிரிகிறது. மற்றொன்றுதான் சுவையானது. சாலையின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் புகுகிறது. வெளியே வரும்போது, அமுங்குவதற்குச் செலவான ஆற்றலை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நன்றாகத் துள்ளும் பந்தையும், கீழே போட்டால் 'தொப்' என்று கிடக்கும் பந்தையும் நினைத்துப் பாருங்கள். பந்தய டயருக்கு வேண்டியது இரண்டாவது வகை. வைத்துக்கொண்ட ஆற்றல் எங்கே போகிறது? சூடாகிறது. ஆகவே பிடிமானமும் சூடும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை அழைத்தால் மற்றதும் கூடவே வரும்.

இதை நான் தாத்தாவிடம் விளக்கியபோது அவருக்கு வருத்தமாகிவிட்டது. தாத்தா இளவயதில் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். உலகத்தின் டயர்களெல்லாம் தான் வெட்டிய பாலிலிருந்து உருண்டவை என்ற பெருமை அவருக்கு உண்டு. மரத்து ரப்பர் நன்றாகத் துள்ளும், அதிகம் சூடாகாது. அதனால்தான் பாரம் சுமந்து மணிக்கணக்கில் ஓடும் லாரி டயரிலும், விமான டயரிலும் அது ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. பந்தய டயரின் மேற்பட்டையில் பெரும்பகுதி ஆலையில் செய்த செயற்கை ரப்பர்.

"அப்ப நம்ம பாலு லாரிக்குத்தானா?" என்றார்.

"ஏரோப்ளேனுக்கும்தான் தாத்தா," என்றேன். அதில் கொஞ்சம் சமாதானமானார்.

ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் தான் நன்றாக வேலை செய்யும் வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே அது மரக்கட்டை. அதற்கு மேலே வழுக்கும் வெண்ணெய். சாதாரணச் சாலை டயர் வண்டி கிளம்பிய கணத்திலிருந்தே வேலை செய்யவேண்டும், ஏனென்றால் அம்மா சந்தைக்குப் போகும்போது டயரைச் சூடுபடுத்திக்கொண்டு போகமாட்டார். தடத்துக்கென்றே செய்த டயர் எண்பது டிகிரிக்கு மேல்தான் உயிர் பெறும். இடையே பல படிகள் உள்ளன.

இப்போது ஆட்டோகிராஸையும் செப்பாங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்ப்பேட்டையில் ஐம்பது விநாடி ஓட்டம். டயரின் மேல்தோல் சூடேறுவதற்குள் எல்லைக்கோடு வந்துவிடும். பிறகு அரைமணி நேரம் ஆறிவிடும். அங்கே வேண்டியது குளிரிலேயே பிடிக்கும், முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்கும் டயர். நீடித்து உழைக்குமா என்ற கேள்வியே இல்லை. செப்பாங்கில் இதற்கு நேர்மாறு. முதல் சுற்றில் எந்த டயரும் பிடிக்கும். மூன்றாம், நான்காம் சுற்றில்தான் குணம் தெரியும். எளிதில் சூடேறும் டயர் அங்கே எளிதில் கொதித்தும்விடும். முன்சக்கரங்கள் திருப்பத்தில் உள்ளே வராமல் வெளியே நழுவும். ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால் டயரின் ஓரத்தில் ரப்பர் உருண்டை உருண்டையாகப் பிய்ந்திருக்கும். செப்பாங்கில் கடிகாரமுள் சுற்றும் திசையில் ஓட்டுவதால் பாரம் பெரும்பாலும் இடப்பக்கத்தில் விழும். எங்களுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் கார். எனவே இட முன் டயர்தான் முதலில் கண்ணை மூடும்.

நம் ஊர் வெயில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது. குளிர்நாட்டவர் எழுதிய புத்தகங்களில், ஆட்டோகிராஸ் டயரை எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே பகல் இரண்டு மணிக்குத் தாரில் கைவைக்க முடியாது. ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால், ஓட்டங்களுக்கு இடையே தண்ணீர் தெளித்து டயரை ஆற்றவேண்டி வரும். செடிக்குத் தெளிக்கும் குப்பியே போதும்.

கடையில் டயரின் பக்கச்சுவரைப் பார்த்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு கல்வெட்டே இருக்கும். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது தேய்மான எண். அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களுக்கு அந்நாட்டு அரசு கேட்பது இது. நம் ஊருக்கு வரும் பல டயர்களிலும் அச்சாகியே வருகிறது. டெக்சாஸ் மாநிலச் சாலைகளில் 640 கிலோமீட்டர் சுற்றுவழி ஒன்றில், ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். ஒப்பீட்டு டயர் 100 என்றால், அதைப்போல் இருமடங்கு உழைப்பது 200. சாதாரணக் குடும்பக் கார் டயர்களில் 400, 500 என்றெல்லாம் பார்க்கலாம். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது, பிடிமானம் மிக்கது என்று பொதுவாகக் கொள்ளலாம். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் 200. டோயோ ஆர்888ஆர் 100. நான்காங் ஏஆர்-1 வெறும் 80. பின்னவை இரண்டும் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தருகிற, ஆனால் மனத்தளவில் தடத்திலேயே வாழ்கிற வகை. 'செமி ஸ்லிக்' என்பார்கள்.

ஆனால் அந்த எண்ணை டயரில் அச்சிடுவது உற்பத்தியாளர்தான், அரசு அல்ல. போட்டி விதிகள் பல '200க்குக் குறையக்கூடாது' என்று சொல்வதால், சரியாக 200 என்று அச்சிட்ட வேகமான டயர்கள் சந்தையில் நிறைந்திருப்பது தற்செயல் அல்ல. ஒரு நிறுவனத்தின் 200உம் இன்னொன்றின் 200உம் ஒன்றல்ல. தேர்வில் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்ட மாணவனின் மதிப்பெண்போல அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிறந்த தேதி. நான்கு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். பந்தய டயரில் இது மிக முக்கியம். மென்மையான ரப்பர் ஒவ்வொரு முறை கொதித்து ஆறும்போதும் கொஞ்சம் இறுகுகிறது. சும்மா வைத்திருந்தாலும் காலம் அதை இறுக்குகிறது. பட்டையில் ஆழம் இருக்கலாம், உயிர் இருக்காது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு இறுதியில், பயன்படுத்திய செமி ஸ்லிக் டயர்கள் நான்கை ஒருவரிடம் 240 வெள்ளிக்கு வாங்கினேன். "ரெண்டே தடவை ஓட்டினது தம்பி," என்றார். ஆழம் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. சிங்கப்பூர்ச் சட்டம் கேட்பது 1.6தான். தேதியைப் பார்த்தேன், 1419. நான்கரை ஆண்டுகள். மாணவன் பையில் இருந்த பணம் அதைப் பார்க்காததுபோல் இருக்கச் சொன்னது.

கார்ப்பேட்டையில் இறக்கி வைத்தபோது தாத்தா கட்டைவிரல் நகத்தால் பட்டையை அழுத்திப் பார்த்தார். புது மென்ரப்பரில் நகம் இறங்கும், தடம் மெல்ல மறையும். இதில் நகம் இறங்கவே இல்லை. "பால் வத்தின மரம்டா இது," என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டோகிராஸில் என் பழைய சாதாரண டயரைவிட ஏறக்குறைய இரண்டு விநாடி மெதுவாக ஓட்டினேன். குளிர்ந்த, இறுகிய தட டயர் ஐம்பது விநாடிக்குள் விழித்துக்கொள்ளவே இல்லை. சரி, இது செப்பாங்குக்கான டயர், அங்கே சூடேறினால் பிடிக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது பொய்யும் அல்ல. செப்பாங்கில் பிடித்தது.

செப்பாங்குக்குப் போகும்முன் காற்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். டயர் என்பது காற்றை அடைத்த பை. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப்-ஐத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் முதலில் செய்தது விளையாட்டுப் பலூன்! அந்த நிறுவனத்தின் டயர் அணிக்காக ஓட்டிய எஃப்ரேன் யரேனா 2022இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்றார். பலூனிலிருந்து பட்டம்வரை எல்லாவற்றிலும் பாதி வேலையைக் காற்றுதான் செய்கிறது. எந்த டயர் வாங்கினாலும், காற்றைத் தவறாக அடித்தால் வேறு டயர் வாங்கியதற்குச் சமம்.

காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். குறைந்தால் திருப்பத்தில் பக்கச்சுவர் மடிந்து, சுவரின்மேலேயே கார் ஓடும். சரியான அளவைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தொடக்கப்பள்ளியில் வெள்ளைக் கான்வாஸ் காலணிக்குப் பூசுவோமே, அந்த வெள்ளைத் திரவம். டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர்வரை அதால் ஒரு கோடு போடுங்கள். ஓர் ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். பட்டையின் விளிம்புவரை கோடு அழிந்திருந்தால் காற்று சரி. பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் காற்று போதாது. விளிம்புக்கு முன்பே நின்றிருந்தால் காற்று அதிகம். பல டயர்களில் இந்த எல்லையைக் காட்டச் சிறு முக்கோணக் குறியே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் காற்றும் சூடாகிறது. முப்பது பி.எஸ்.ஐ. அளவில் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். ஆட்டோகிராஸில் இது பெரிய விஷயமில்லை. செப்பாங்கில் காலையில் 28 வைத்துக் கிளம்பினால், சில சுற்றுகளில் டயர் எழுபத்தைந்து டிகிரியைத் தொடும்போது 34 ஆகிவிடும். அதனால் தடத்தில் ஓட்டுபவர்கள் 'சூட்டு அழுத்தம்' ஒன்றை இலக்காக வைத்துக்கொண்டு, உள்ளே வந்ததும் அளந்து, மிகுதியைத் திறந்துவிடுவார்கள். நானும் அப்படியே செய்தேன். என் இலக்கு 34. ஒவ்வொரு முறை உள்ளே வந்தபோதும் முன்சக்கரங்கள் 36, 37 காட்டின. திறந்துவிட்டு 34க்குக் கொண்டுவந்தேன். மாலை கடைசி ஓட்டத்தில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. மாமா முதுகில் தட்டினார்.

அது டிசம்பர் மாதம். செப்பாங்கிலிருந்து ஜொகூர் பாரு சுமார் 300 கிலோமீட்டர். மாமா களைத்துப்போய்ப் பக்கத்து இருக்கையில் தூங்கிவிட்டார். நான் ஓட்டினேன். அயர் ஈத்தாம் அருகே பருவமழை பிடித்தது. விளக்கொளியில் மழைக்கம்பிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 110இலிருந்து 95க்குக் குறைத்தேன். அது போதும் என்று நினைத்தேன். ஒரு தாழ்வான பகுதியில் தண்ணீர் தேங்கியிருந்தது. திடீரென்று ஸ்டீயரிங்கில் கனமே இல்லை, விளையாட்டுக் காரின் ஸ்டீயரிங்போல. இயந்திரத்தின் ஒலி மட்டும் உயர்ந்தது. பதறிப்போய்க் காலை எடுத்தேன். காரின் பின்பக்கம் வலப்புறம் சுழன்றது. ஒரு கம்பித் தடுப்பு முன்கண்ணாடி முழுவதையும் நிரப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பிறகு எப்படியோ டயர்கள் தரையைக் கண்டுபிடித்தன. அவசரத் தடத்தில் குறுக்காக நின்றோம். பின்னால் வந்த லாரி நீண்ட ஹார்ன் ஒலியோடு எங்களைக் கடந்து போனது. அதன் தண்ணீர் கூரைமேல் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாமா ஒன்றும் பேசவில்லை. விளக்குகளைப் போட்டார், என்னை இறங்கி இடம் மாறச் சொன்னார். அடுத்த ஓய்விடத்தில் அழுத்தமானியை எடுத்தார். முன்சக்கரங்கள் இரண்டிலும் 27.

"சூட்டுல 34 வெச்சியே, ஆறினா என்ன ஆகும்னு யோசிச்சியாடா?"

யோசிக்கவில்லை. தொடக்கக் கல்லூரியில் இந்தக் கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டவன் நான். அழுத்தமானி காட்டும் 34இல் வளிமண்டல அழுத்தம் 14.7 சேரவில்லை. சேர்த்தால் 48.7. எழுபத்தைந்து டிகிரி என்பது கெல்வின் அளவில் 348. மழையில் நனைந்து 27 டிகிரிக்கு ஆறினால் 300. 48.7ஐ 300ஆல் பெருக்கி 348ஆல் வகுத்து, 14.7ஐக் கழித்தால் 27க்குச் சற்றே மேல். தேர்வுத்தாளில் எழுத அரை நிமிடம் ஆகாது.

இதன் மறுபாதி இன்னும் மோசம். தண்ணீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். தேய்ந்த டயருக்கும், பட்டையின் ஆழத்தைவிடத் தண்ணீர் மிகுந்த இடத்துக்கும் பொருந்தும் எளிய விதி ஒன்று அதில் கிடைத்தது. பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் மிதக்கும் என்பது வரும். 36க்கு வர்க்கமூலம் 6, எனவே 100 கிலோமீட்டர். 25க்கு 5, எனவே 83. என் 27க்கு 87. நான் போனது 95. மூன்று மில்லிமீட்டர் ஆழமே மிச்சமிருந்த, அதுவும் தண்ணீரை வெளியேற்றப் பள்ளங்கள் குறைவாக வெட்டப்பட்ட செமி ஸ்லிக். தடத்தில் என்னைக் காப்பாற்றிய ஒவ்வொரு குணமும் நெடுஞ்சாலையில் எனக்கு எதிராக நின்றது. கார்ப் பட்டை விமானப் பட்டை அல்லதான், இந்த விதியைக் கடைசி இலக்கம்வரை நம்பவேண்டியதில்லை. ஆனால் அழுத்தம் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும் என்பதை அந்தத் தண்ணீரில் நானே பார்த்துவிட்டேன்.

ஓய்விடத்தை அடுத்த எரிபொருள் நிலையத்தில் நான்கிலும் 35 அடித்துக்கொண்டு, மாமா எண்பதைத் தாண்டாமல் வீடு சேர்த்தார். தெம்பனிஸ் விரைவுச்சாலையிலிருந்து பொங்கோலுக்குத் திரும்பும்போதுதான் மறுபடி வாய் திறந்தார். "அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்றார். அக்கா என்றால் என் அம்மா.

அதற்குப் பிறகு டயரைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்று சொல்கிறேன். வசதியுள்ளவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொள்கிறார்கள். தட டயரை வேறு ரிம்மில் மாட்டி எடுத்துப்போய், அங்கே மாற்றி ஓட்டிவிட்டு, சாலை டயரில் வீடு திரும்புகிறார்கள். அதுதான் சரியான வழி. ஆனால் வீவக வீட்டில் நான்கு சக்கரங்களை எங்கே வைப்பது? எங்கள் குண்டுத் தடுப்பு அறையில் ஏற்கெனவே அரிசி மூட்டையும் பொங்கல் பானையும் தீபாவளி விளக்குச் சரமும் குடியிருக்கின்றன. அம்மா ஒரு டயரைக்கூட உள்ளே விடமாட்டார். எனவே ஒரே ஜோடி. எங்களுக்கு விடையைச் சொன்னது வேகமான ஓட்டம் அல்ல, திரும்பி வரும் மழைப்பயணம். 200 வகையில், மழையிலும் பெயர் எடுத்த டயர் ஒன்றைப் புதிதாக, அந்த ஆண்டின் தேதி பார்த்து வாங்கினோம்.

அகலமான டயர் போடலாமா என்ற ஆசையும் வந்தது. காரோடு வந்த அளவு 195/50 ஆர் 16. அதன் மொத்த விட்டம் 601 மில்லிமீட்டர். கடையில் 205/45 ஆர் 16 காட்டினார்கள், 591 மில்லிமீட்டர். கார் ஐந்து மில்லிமீட்டர் தாழும், வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும், கியர் சற்றுக் குட்டையாகும். கார்ப்பேட்டையில் இது நன்மைதான். ஆனால் ரிம் அதே பழைய ரிம். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உள்நோக்கி வளைந்து, திருப்பத்தில் தள்ளாடும். ரிம்மையும் மாற்றினால் டயர் காரின் உடலைவிட்டு வெளியே நீட்டாமல் பார்க்கவேண்டும், இல்லையென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சோதனையில் நிற்கும். பழைய அளவிலேயே இருந்துவிட்டோம்.

பலன்? ஆட்டோகிராஸில் இதுவரை ஓட்டியதிலேயே என் நல்ல நேரம் இந்த டயரில்தான். செப்பாங்கில் அந்த இறுகிய கிழட்டு டயரைவிட ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி மெதுவாக ஓடுகிறேன். ஐந்தாம் சுற்றுக்குமேல் சூடு தாங்காமல் நழுவத் தொடங்குகிறது. நான்கு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு என்று ஓட்டப் பழகிக்கொண்டேன். ஜொகூர்ப் பக்கம் நடக்கும் கார்ப்பேட்டைப் போட்டிகளுக்கு வேறொரு தண்டம் உண்டு. எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் கார்களின் எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்கவேண்டும் அல்லவா? மற்றவர்கள் தொட்டியைக் காலியாக வைத்து ஓட்டும்போது நாங்கள் இருபது கிலோவுக்குமேல் பெட்ரோலைச் சுமந்துகொண்டு கூம்புகளைச் சுற்றுகிறோம். அதற்கு எந்த டயரிலும் மருந்தில்லை.

பழைய நான்கையும் கீழே சமூகத் தோட்டத்தில் பூந்தொட்டியாக்கலாம் என்றார் தாத்தா. டயருக்குள் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வரும், அதிகாரி அபராதச் சீட்டோடு வருவார் என்று அம்மா மறுத்துவிட்டார். டயர் கடையிலேயே கொடுத்துவிட்டோம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு காற்றடிப்பான் ஒன்று இப்போது பின்பெட்டியில் இருக்கிறது. பின்பெட்டி மூடியின் உட்புறத்தில் மாமா தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: 'தடத்துக்கு 28. வீட்டுக்கு 35, ஆறின பிறகு அளக்கவும்.'